ஏலம் போன வீட்டில் எத்தனை நாள்?

செஞ்சிக் கோட்டையின் வரலாறு என்பது பெரும்பாலும் சுவாதீனம் கைமாறிய வரலாறே ஆகும். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தான்களிடம் வந்த கோட்டை, 1677-ல் சிவாஜியிடம் சென்றது. நெடிய முற்றுகைக்குப் பின் 1698-ல் முகலாயத் தளபதி ஸுல்பிகார்கான் அதனைக் கைப்பற்றினார். 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்தனர். 1714-ல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாகானின் படையோடு பொருதி மாண்டதற்குக் கப்பப் பாக்கியும் ஒரு காரணம் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அப்போரில் அவனோடு உயிர்கொடுத்த உற்ற நண்பன் மஹபத்கான் ஒரு முஸ்லிம் என்பதை மட்டும் ஊர் மறக்கவில்லை. 2025 ஜூலையில் மராட்டியப் போர்க்கள அரண்களுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்ற இக்கோட்டையைக் காண இன்று பலரும் வருகின்றனர்.

கோட்டைக்குக் கீழே, ஊருக்குள் வசிக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கும் பாக்கியின் பேரால் சுவாதீனம் பறிபோவது உண்டு. மகளின் திருமணத்திற்காக, மகனின் வெளிநாட்டுப் பயணத்திற்காக, கடை வைப்பதற்காக, அல்லது மைத்துனர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டதற்காக வீட்டுப் பத்திரம் வெளியே போகிறது. பின்பு ஒருநாள் கதவில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் கேட்கும் முதற்கேள்வி, “நாம் இங்கே இன்னும் எத்தனை நாள் இருக்கலாம்?” என்பதுதான். ஊர்ப் பெரியவர் ஒருவர் மூன்று மாதம் என்பார். மற்றொருவர் ஓராண்டு என்பார். ஏலம் விட்ட மறுநாளே வெளியேற வேண்டும் என்று அச்சுறுத்துவோரும் உண்டு. இம்மூன்றுமே சரியல்ல. சட்டம் ஒரே எண்ணைக் கூறிவிடவில்லை. ஏலத்திற்கும் வெளியேற்றத்திற்கும் இடையே பல படிகளை வைத்திருக்கிறது. கடன் எப்படிப்பட்டது, ஏலம் விட்டது யார், வீட்டில் இருப்பவர் யார் என்பவற்றைப் பொறுத்தே நாட்கள் அமைகின்றன.

நீதிமன்ற ஏலம்

முதலில், தனியார் ஒருவர் பிராமிசரி நோட்டின் பேரில் வழக்குத் தொடுத்து டிகிரி பெற்றார் எனக் கொள்வோம். அவர் நிறைவேற்று மனு தாக்கல் செய்வார். வீடு ஜப்தி செய்யப்படும். பண்டு இதனைத் தமுக்கடித்து அறிவிப்பர். 2022-ல் தண்டோரா முறையைக் கைவிடுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது நினைவிருக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது கட்டளையே இனி நடப்பவற்றை எல்லாம் ஆள்கிறது. ஏல அறிவிப்பு நீதிமன்றத்தில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 15 நாட்கள் கழியாமல் அசையாச் சொத்தை ஏலம் விடலாகாது. கடனை அடைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு பகுதியை மட்டுமே விற்க வேண்டும். இது நீதிமன்றத்தின் கடமை என்று உச்சநீதிமன்றம் 1989-ல் வலியுறுத்தியிருக்கிறது. பின்புறத்து மனைக்கட்டை விற்றால் போதும் என்ற நிலையில் வீடு முழுவதையும் ஏலத்தில் வைத்திருந்தால், அப்போதே வாய் திறக்க வேண்டும். ஏலம் முடிந்த பின் அழுது பயனில்லை.

ஏலம் எடுத்தவர் அன்றே விலையில் 25 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். மீதியை 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். ஆனால் அத்துடன் வீடு அவருடையதாகிவிடாது. ஏல நாளிலிருந்து 60 நாட்கள் கடனாளிக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 89-ஆவது விதியின்படி, ஏல அறிவிப்பில் கண்ட டிகிரித் தொகையையும், ஏலத் தொகையில் 5 விழுக்காட்டை ஏலதாரருக்கு ஈடாகவும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டால் ஏலத்தை ரத்துச் செய்யலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். டிகிரித் தொகை 7,50,000 ரூபாய்; வீடு 12,00,000 ரூபாய்க்கு ஏலம் போனது. கடனாளி 60 நாட்களுக்குள் கட்ட வேண்டியது 7,50,000-உடன் 60,000 சேர்த்து 8,10,000 ரூபாய். ஒரு ரூபாய் குறைந்தாலும் மனு நிற்காது. உறவினரிடம் கேட்டுப் பார்த்து, சிட் எடுத்து, நகையை விற்று ஐம்பத்தைந்தாம் நாள் வக்கீலிடம் ஓடுவோரைக் காணும்போது, இந்த ஓட்டத்தை முப்பது நாட்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

ஏலத்தில் பெரும் முறைகேடோ மோசடியோ நடந்து, அதனால் கடனாளிக்குக் கணிசமான நட்டம் ஏற்பட்டிருந்தால் 90-ஆவது விதியின்கீழ் மனுச் செய்யலாம். விலை குறைவு என்பது மட்டும் போதாது. முறைகேட்டையும் அதனால் விளைந்த நட்டத்தையும் காட்ட வேண்டும். வீட்டை முறைப்படி அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் நிலை சற்று வேறு. அடமான டிகிரியில், நீதிமன்றம் ஏலத்தை உறுதிசெய்யும் நேரம் வரை பணத்தையும் ஏலதாரருக்குரிய 5 விழுக்காட்டையும் கட்டி வீட்டை மீட்கலாம்.

இவ்விதமான மனுக்கள் இல்லையேல், அல்லது தள்ளுபடி ஆனால், நீதிமன்றம் ஏலத்தை உறுதிசெய்யும். விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும். இங்கே பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. ஏலம் உறுதியானதும், சொத்தின் உரிமை ஏலம் நடந்த அந்த நாளிலிருந்தே ஏலதாரருக்கு உரியதாகக் கருதப்படுகிறது. உறுதியான நாளிலிருந்து அன்று. ஆகவே அதன் பின்பும் வீட்டில் தங்கியிருக்கும் ஒவ்வொரு மாதமும் இலவசமன்று. அனுபவித்த காலத்திற்கு ஈட்டுத்தொகை கோர ஏலதாரருக்கு இடமுண்டு.

அப்படியானால் அமீனா எப்போது வருவார்? ஏலதாரர் 95-ஆவது விதியின்படி சுவாதீனம் கோரி மனுச் செய்த பின்பே. அந்த மனுவை ஏலம் உறுதியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் செய்தாக வேண்டும். சான்றிதழ் தாமதமாகக் கிடைத்தது என்று சொல்லி நாட்களை நீட்டிக்க இயலாது என உச்சநீதிமன்றம் 1996-ல் கூறியது. “ஓராண்டு இருக்கலாம்” என்று ஊரில் சொல்வதற்கு மூலம் இதுதான் போலும். ஆனால் அது ஏலதாரருக்கு வைத்த கெடுவே தவிர, வீட்டில் இருப்பவருக்குத் தந்த தவணையன்று. அவர் மறுவாரமே மனுச் செய்யலாம்; உத்தரவு கிடைத்ததும் அமீனா கதவைத் தட்டலாம். ஓராண்டைக் கோட்டைவிட்ட ஏலதாரரும் உரிமையை இழந்துவிடுவதில்லை. தம் உரிமையின் பேரில் தனி வழக்குத் தொடுக்க அவருக்கு வழியிருக்கிறது.

அமீனா வரும் நாளைப் பற்றி நம் இல்லத்தரசிகள் ஒன்று அறிந்திருத்தல் நலம். சுவாதீனம் ஒப்படைக்கும் முறை கூறும் 35-ஆவது விதி, நாட்டு வழக்கப்படி வெளியார்முன் வராத பெண்கள் உள்ளே இருப்பின், அவர்களுக்கு முன்னெச்சரிக்கை தந்து, விலகிச் செல்ல வசதியும் செய்து கொடுத்த பின்பே பூட்டையோ கதவையோ திறக்கலாம் என்கிறது. 1908-ல் எழுதப்பட்ட சட்டத்தில் கோஷா முறைக்கு அளிக்கப்பட்ட மரியாதை இது. இன்றும் அது நீக்கப்படவில்லை. அதே வேளையில், நியாயமான காரணமின்றி வழிமறித்துத் தகராறு செய்தால் 30 நாட்கள் வரை உரிமையியல் சிறையில் வைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு. பெண்களை வாசலில் உட்கார வைத்துவிட்டு ஆண்கள் ஒதுங்கிக் கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வீரமுமன்று, தந்திரமுமன்று.

உழவர் வீடும் தொழிலாளர் வீடும்

செஞ்சி வட்டாரம் மணிலாவும் நெல்லும் விளையும் பூமி. ஆகவே 60-ஆவது பிரிவை இங்கே தனித்துச் சொல்ல வேண்டும். விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் தமக்குச் சொந்தமாக உடைத்து, தாமே குடியிருக்கும் வீட்டையும், அதை அனுபவிக்கத் தேவையான ஒட்டு நிலத்தையும் பணக் கடன் டிகிரிக்காக ஜப்தி செய்யவோ விற்கவோ இயலாது. எத்தனை ஏழைக் குடும்பங்கள் இதனை அறியாமலே வீட்டை இழந்திருக்கும்! ஆனால் அந்த வீட்டையே அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்த அடமானக் கடனுக்கு இப்பாதுகாப்பு உதவாது. தவிரவும், உழவே தம் முதன்மைப் பிழைப்பு என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதனை ஏலம் நடைபெறும் முன்பே எழுப்பவும் வேண்டும்.

வங்கி விடும் ஏலம்

வங்கிக் கடனுக்கு வழி வேறு. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி நீதிமன்றத்திற்குப் போகாமலே ஏலம் விடலாம். தவணை 90 நாட்கள் நிலுவையாகிக் கணக்கு வாராக்கடன் ஆனதும், 60 நாள் அவகாசம் தந்து வங்கி நோட்டீஸ் அனுப்பும். அதற்கு ஆட்சேபம் எழுதினால், வங்கி 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அறுபது நாட்கள் கழிந்ததும் வங்கி அதிகாரி வந்து சுவாதீன நோட்டீசைக் கதவில் ஒட்டி, இரு செய்தித்தாள்களில் வெளியிடுவார். இது பெரும்பாலும் பெயரளவுச் சுவாதீனமே. குடும்பம் உள்ளேயே இருக்கும். இதனால்தான் பலர், “காகிதம்தானே ஒட்டினார்கள்” என்று அலட்சியமாக இருந்துவிடுகின்றனர். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாட்கள் என்ற கெடு அந்தக் காகிதத்திலிருந்தே ஓடத் தொடங்குகிறது. காகிதம் ஒட்டிய நிலையிலேயே முறையிடலாம் என்று உச்சநீதிமன்றம் 2018-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

எல்லாவற்றினும் முக்கியமானது மீட்கும் உரிமை. முன்பு ஏலம் முடியும் வரை கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்ற நிலை இருந்தது. 2016-ல் வந்த திருத்தம் அதனைச் சுருக்கிவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரை மட்டுமே முழு நிலுவையையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை உண்டு. 2023-ல் உச்சநீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. நீதிமன்ற ஏலத்தில் ஏலத்திற்குப் பின் 60 நாள். வங்கி ஏலத்தில் ஏலத்திற்கு முன்பே கதவு அடைபடுகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல், “ஏலம் போகட்டும், பிறகு கட்டிக் கொள்ளலாம்” என்றிருப்பவர் ஏமாந்து போவார்.

உண்மையான வெளியேற்றத்திற்கு வங்கி மாவட்ட ஆட்சியரையோ தலைமைக் குற்றவியல் நடுவரையோ நாடும். 30 நாட்களில், காரணம் எழுதினால் 60 நாட்களில் உத்தரவு வர வேண்டும் என்பது சட்டம். ஆயினும் தாமதமானதால் உத்தரவு செல்லாது போகாது என்று 2020-ல் தீர்ப்பு உண்டு. பிறகு வருவாய் அதிகாரிகளும் காவல்துறையும் வந்து, பொருட்களைப் பட்டியலிட்டு, வீட்டைப் பூட்டி முத்திரை வைப்பர். விவசாய நிலத்தின் மீதான ஈட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது; ஆனால் நிலம் மெய்யாகவே விவசாய நிலம் என்பதைக் கடன் வாங்கியவரே நிறுவ வேண்டும்.

கந்துவட்டிக்காரர் அடியாட்களோடு வந்து வீட்டைப் பூட்டுவதை இவற்றுடன் சேர்த்து எண்ண வேண்டாம். அவருக்கு எந்த ஏலமும் எந்தச் சுவாதீனமும் கிடையாது. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைக் குற்றமாக்கியிருக்கிறது. கடனாளி நீதிமன்றத்தில் பணம் கட்டி, பறிக்கப்பட்ட உடைமையைத் திரும்பக் கோரவும் அதில் வழி உண்டு.

வாடகைக்கு இருப்பவர்

ஏலம் போனது வீட்டுக்காரரின் உரிமையே. ஜப்திக்கு முன்பே முறையாகக் குடிவந்த வாடகைதாரரை நீதிமன்ற ஏலத்தில் அமீனா வெளியேற்றுவதில்லை. 96-ஆவது விதியின்படி சான்றிதழின் நகலை வீட்டில் ஒட்டி, உரிமை மாறியதை அறிவிப்பதோடு சரி. இனி வாடகையைப் புதியவரிடம் தர வேண்டும். பழையவரிடம் கொடுத்துவிட்டு ரசீதைக் காட்டினால் பயனில்லை. ஜப்திக்குப் பின் அவசரமாகக் குடியேற்றப்பட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கி ஏலத்தில் வாடகைதாரர், அடமானத்திற்கு முன்பே தம் வாடகை ஒப்பந்தம் இருந்ததை ஆவணத்தோடு காட்ட வேண்டியிருக்கும். வாய்ப் பேச்சு ஒப்பந்தம் அங்கே பெரும்பாலும் எடுபடாது.

இது தொடர்பாக நம் ஃபிக்ஹு நூல்களில் ஓர் அரிய சட்டம் காணப்படுகிறது. ஹனஃபி மத்ஹபில், வாடகைக்கு விட்டவர் கடனில் மூழ்கி, அந்த வீட்டை விற்றாலன்றிக் கடன் தீராது என்றால், அதனை ஒரு தக்க காரணமாகக் கொண்டு காழி வாடகை ஒப்பந்தத்தை முறிக்கலாம். இவ்விஷயத்தில் மட்டும் இன்றைய சட்டம் வாடகைதாரருக்கு அதிக இரக்கம் காட்டுகிறது.

தாயும் சகோதரியும்

முஸ்லிம் குடும்பங்களுக்கே உரிய செய்தி ஒன்றுண்டு. நம் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்பது இல்லை. தந்தை மறைந்த கணமே ஒவ்வொரு வாரிசின் பங்கும் தனித்தனியே அவரவருக்கு உரியதாகிறது. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்றால் 24 பங்கில் தாய்க்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. மகன் தன் கடனுக்காக வீடு முழுவதையும் அடகு வைத்தாலும் அவனுடைய 14 பங்கைத்தான் அது கட்டுப்படுத்தும். கையெழுத்திடாத தாயும் சகோதரியும் வெளியேற வேண்டியதில்லை. ஏலம் எடுத்தவர் பிரிவினை வழக்குத் தொடுத்தால், 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் மதிப்பிடும் விலையைத் தந்து அப்பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளவும் அனுமதி கேட்கலாம். கடன் தந்தையே வாங்கியது என்றால் நிலை வேறு. அவர் விட்டுச் சென்ற சொத்து கடனுக்குப் பொறுப்பாகும். கடனும் வஸிய்யத்தும் நீங்கிய பிறகே பங்கீடு என்பதுதான் நம் மார்க்கமும் சொல்வது. உரிமையிருந்தும் வெளியேற்றப்பட்டுவிட்ட பெண், 30 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் 99-ஆவது விதியின்கீழ் மனுச் செய்ய வேண்டும்.

மஹர் பற்றியும் தவறான நம்பிக்கை ஒன்று நிலவுகிறது. மஹர் கொடுபடாத விதவை, கணவரின் சொத்து தம் சுவாதீனத்தில் அமைதியாக வந்திருந்தால், மஹர் தீரும் வரை மற்ற வாரிசுகளுக்கு எதிராக அதை வைத்துக் கொள்ளலாம். இது உண்மை. ஆனால் கணவரின் கடன்காரர்களுக்கு எதிராகவும் இது செல்லுமா? ஐதராபாத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1950-ல் உச்சநீதிமன்றம், செல்லாது என்றது. மஹரும் ஒரு கடனே. மற்ற ஈடில்லாக் கடன்களோடு அதுவும் சரிநிகராக நிற்கும். விதவை வீட்டில் இருக்கிறார் என்பதற்காக ஏலத்தை நிறுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எனினும் மஹர் தொகைக்காகக் கோரிக்கை எழுப்பும் உரிமை அவருக்கு இருக்கவே செய்கிறது.

வக்ஃபுச் சொத்தை முதவல்லியின் சொந்தக் கடனுக்காக விற்க முடியாது. வக்ஃபுச் சொத்து நீதிமன்ற ஏலத்திற்கு வருமானால், வக்ஃபு வாரியத்திற்கு அறிவிப்புத் தர வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஜமாஅத் நிர்வாகிகள் கவனிக்க.

இமாம்கள் கூறுவது

கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை தவணை தருமாறு திருக்குர்ஆனின் பகரா அத்தியாயம், 280-ஆம் வசனம் பணிக்கிறது. கடனைத் தருமமாக விட்டுக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்கிறது. வாங்கிய கனிகளில் நட்டமடைந்து கடனில் மூழ்கிய ஒருவருக்காக நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் தருமம் திரட்டியதும், அது போதாமற்போகவே, கிடைத்ததைப் பெற்றுக் கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் கடன்காரர்களிடம் கூறியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் வீட்டை விற்கலாமா? இமாம்கள் ஒருமித்துக் கூறவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்), கடனாளியின் சொத்தைக் காழி தாமே விற்கலாகாது, விற்றுக் கடனடைக்குமாறு காவலில் வைத்து நெருக்கலாம் என்றார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) விற்கலாம் என்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து, தேவைப்படும் வீடே ஆனாலும் விற்கப்படும் என்பது. இமாம் அஹ்மத் (ரஹ்) வழியிலோ, குடியிருக்க இன்றியமையாத வீடு விற்கப்படாது; வீடு தேவைக்கு மிஞ்சிப் பெரிதாயின் அதனை விற்று, தகுதிக்கேற்ற சிறு வீடு வாங்கித் தரப்படும். உழவர் வீட்டுக்கு நம் நாட்டுச் சட்டம் தரும் விலக்கு இந்தக் கருத்துக்கு நெருங்கி நிற்பது வியப்பளிக்கிறது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் 1839 முதலே குடியிருப்பு வீட்டைக் கடன்காரரிடமிருந்து காத்து வருகிறது. மிச்சிகன் மாநிலத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஏலத்திற்குப் பின் ஆறு மாதம் மீட்புக் காலம் உண்டு. அதுவரை குடும்பம் உள்ளேயே இருக்கலாம். வட்டியை அடித்தளமாகக் கொண்ட நாட்டில் இத்தனை இரக்கம்!

சக்தியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பதும் நபிமொழியே. ஏலம் உறுதியாகிச் சான்றிதழும் வழங்கப்பட்ட வீட்டில், தகராறு செய்தே காலம் கழிப்பது பிறர் உடைமையை அபகரிப்பதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து. சட்டம் தரும் ஒவ்வொரு நாளையும் பயன்படுத்துவது வேறு, அது வேறு.

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகுப்பாருள் கடன்பட்டோரும் உள்ளனர். ரமளானில் சேலையும் அரிசியும் வழங்குவதோடு நின்றுவிடும் நம் ஊர் பைத்துல்மால்கள், 89-ஆவது விதியின் 60 நாட்களுக்குள் தவிக்கும் ஒரு குடும்பத்தைத் தேடிச் சென்று ஏன் கை கொடுக்கக் கூடாது? வட்டிப் பகுதிக்கு ஸகாத்தைத் தரலாமா என்ற ஐயம் எழும். உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களுக்கு, அவர்களின் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்துள்ளது. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

வீட்டை விட்டு வெளியேறிய பலர் மறந்துவிடும் ஒன்று மீதிப் பணம். மேற்சொன்ன கணக்கில் 12,00,000-ல் டிகிரித் தொகை 7,50,000-ம் ஏலச் செலவும் போக ஏறத்தாழ நாலரை லட்சம் மிஞ்சுகிறது. அது கடனாளியின் பணம். வங்கி ஏலத்திலும் நிலுவையும் செலவும் போக எஞ்சியது உரியவரைச் சேர வேண்டும். நீதிமன்றத்தில் அதற்கென மனுச் செய்ய வேண்டும். வங்கியிடம் எழுத்து மூலம் கணக்குக் கேட்க வேண்டும். வாடகை வீட்டுக்கு முன்பணம் தேடி அலையும் குடும்பத்தின் பெயரில் அத்தொகை நீதிமன்றக் கணக்கில் கிடப்பது உண்டு.